முல்லையாற்றங்கரை வழிகள்

விடுமுறை வந்ததும் நம் கல்லூரி மாணவ அன்பர்கள் கொடைக்கானலையும் கன்னியாகுமரியையும் நாடி விரைகின்றனர். பேருந்தின் சாளரத்தினூடே மலையையும் மரத்தையும் கண்டு, கண்டதற்கு அடையாளமாகச் சில நிழற்படங்களை எடுத்துக்கொண்டு, மறுநாளே மீள்கின்றனர். அஃது அவரவர் விருப்பம், குறை கூறுதற்கில்லை. எனினும், சைக்கிள் வண்டியொன்றும் இரண்டு நாள் ஓய்வும் உடையார்க்கு மதுரைக்கு மேற்கே வேறொரு நாடு காத்திருக்கின்றது என்பதைச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தோம். அந்நாடு கம்பம் பள்ளத்தாக்கு.

தமிழ்நாட்டின் ஆறுகளிற் பெரும்பாலானவை மலையை விட்டிறங்கியதும் சமவெளியிற் பரந்துவிடுவன. முல்லையாறு அங்ஙனமன்று. மேற்கே ஏலமலைத் தொடரும், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் இரு சுவர்களைப் போல நிற்க, இடையே நெடுந்தொலைவு ஒடுங்கி நடந்து, தேனியை அடுத்துக் கொட்டகுடியாற்றையும் கூட்டிக்கொண்டு வைகையிற் கலக்கின்றது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இவ்வாற்றின் பாய்ச்சலில் 14,707 ஏக்கர் நன்செய் உள்ளது. ஆண்டிற்கு இருபோகம் விளைவது. பழைய வாய்க்கால்கள் பதினேழு. பின்னர் வெட்டியதற்குப் பெயர் தேட மெனக்கெடாமற் பதினெட்டாம் கால்வாய் என்றே வழங்கிவிட்டனர். வாய்க்காலொன்றின் பாய்ச்சலுக்கு உட்பட்ட வயற்பரப்பை இவ்வூரார் ‘பரவு’ என்பர். பாளையம் பரவு, சின்னமனூர்ப் பரவு என்று அவர்கள் சொல்லக் கேட்பது எமக்குப் பெரிதும் இனிப்பதாயிற்று.

யாம் மூவர். மூவரும் இக்கல்லூரியில் ஒரே ஆண்டிற் பயின்று, விடுதியில் ஒரே அறையில் வாழ்ந்தவர்கள். எம்முள் ஒருவர் இன்றும் இங்கு ஆசிரியர்; ஒருவர் பொதுப்பணியிற் பொறியாளராய் இருந்து ஓய்வு பெற்றவர்; மற்றவர் கோயம்புத்தூரில் ஓர் ஆலையிற் கணக்கர். மூன்றாமவருக்குச் சின்னமனூர்ப் பக்கம் பிறந்த ஊர். இப்பயணத்தை விரும்பியவர் அவரே. காரணத்தை முதலில் அவர் சொல்லவில்லை, யாமும் கேட்டோமில்லை.

சென்ற ஆனி மாதத்தின் இடையில் ஒரு சனிக்கிழமை காலை தேனியினின்று புறப்பட்டோம். வண்டிகள் மூன்றும் மூன்று விதம். பொறியாளரது வண்டி பற்சக்கரங்கள் பல பூட்டிய புதுவகை. ஏனைய இரண்டும் பால்காரரும் தபால்காரரும் ஏறும் பழைய வகை. அவற்றின் எடையை நினைந்து அவர் எம்மைப் பார்த்து நகைத்தார். தேனியினின்று லோயர்கேம்ப் வரை ஏறக்குறைய 55 கிலோமீட்டர். குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை வழியே போனால் நேர் வழிதான். ஆயின், கேரளத்திற்குக் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிச் செல்லும் லாரிகளும், ஐயப்பன் கோயிற் காலத்தில் அணிவகுக்கும் ஊர்திகளும் அச்சாலையை ஓய்வின்றி நிறைப்பன. கார்த்திகை, மார்கழியில் அவ்வழியே சைக்கிளிற் செல்ல எண்ணுவோர் எண்ணத்தை மாற்றிக்கொள்வது நலம்.

அமைதி வேண்டுவோர் செய்யத்தக்கது இது. வீரபாண்டி வரை நெடுஞ்சாலையைப் பொறுத்துக்கொண்டு, கௌமாரியம்மன் கோயிலையும் ஆற்றையும் கண்டு, சிறிது அப்பாற் சென்றதும் மேற்கே திரும்பி உப்புக்கோட்டைக்கு விலகிவிட வேண்டும். திரும்பிய கணத்திலேயே செவி வேறு உலகிற்குட் புகுகின்றது. ஊர்தியிரைச்சல் ஓய்ந்து மடையில் நீர் விழும் ஒலி எழுகின்றது. சாலை குறுகியது; எதிரே ஒரு மாட்டு வண்டியோ டிராக்டரோ வந்தால் ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். இருமருங்கும் தென்னை, தென்னைக்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் மலை. உப்புக்கோட்டை, பாலார்பட்டி, கூழையனூர், குச்சனூர், மார்க்கையன்கோட்டை என்னும் ஊர்களை இணைக்கும் இவ்வழியைப் போல் மனத்திற்கு உகந்த வழியை யாம் வேறெங்கும் கண்டிலோம். குச்சனூரிற் சனீசுவரர் கோயில் உள்ளமையால், ஆடி மாதச் சனிக்கிழமைகளில் மட்டும் இவ்வமைதியை எதிர்பார்த்தல் வீண்.

நிற்க. இப்பள்ளத்தாக்கிற் செல்வோர் காற்றைப் பற்றி அறிதல் இன்றியமையாதது. ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் இடுக்குகளினூடே புகுந்து, இந்நெடும் பள்ளத்தாக்கைக் குழலாகக் கொண்டு தேனியை நோக்கி வீசுகின்றது. தேனிக்குக் கிழக்கே ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது இக்காற்றை நம்பியே. ஆற்றின் மேற்றிசையாக ஏறிச் செல்வோர்க்கு அஃது எதிர்க்காற்று. காற்றின் தடை, அதன் மீது நாம் மோதும் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்து மிகுவது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திற் செல்வோன் மீது 25 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்ப்படின், அவன் உடல் உணர்வது 40. காற்றில்லா நாளினும் தடை ஏழு மடங்காகின்றது. பௌதிக வகுப்பிற் பலகையில் எழுதிக் காட்டுங்கால் எளிதாகத் தோன்றும் இக்கணக்கு, முழங்காலால் அறியப்படும் போழ்து வேறு சுவையுடையது. ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் சென்று, கால் மணிக்கு ஒருமுறை முன் செல்பவரை மாற்றிக்கொண்டோம். பின்னால் வருபவர்க்கு முன்னவர் முதுகே மதில். கணக்கரின் முறை வந்தபோதெல்லாம் அவர் குறித்த நேரத்தைக் கடந்தும் முன்னின்றே மிதித்தார். மாற்றிக்கொள்ள அழைத்தும் திரும்பிப் பாரார்.

பாலார்பட்டியில் ஒரு தேநீர்க் கடையில் இளைப்பாறினோம். இவ்வூரார் ஆண்டுதோறும் தை மாதத்திற் பென்னிகுவிக் பெயராற் பொங்கலிடுவர். மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்றை மலை மேல் அணையிட்டுத் தேக்கி, ஏறக்குறைய ஒரு மைல் நீளச் சுரங்கத்தினூடே கிழக்கே திருப்பி, இப்பள்ளத்தாக்கில் இறக்கிய பொறியாளர் அவர். 1887இல் தொடங்கிய பணி 1895இல் நிறைவெய்திற்று. கடையிற் சுவரை அலங்கரித்திருந்த அவர் படத்திற்குக் கீழே அன்று அலர்ந்த மலர் சாத்தியிருந்தது. எம் நண்பர் பொறியாளர் அப்படத்தை நோக்கி, “மலைக்காய்ச்சலால் அங்கே மாண்ட கூலியாட்களுக்கு யார் பூ வைப்பது?” என்றார். கடைக்காரர் சற்றும் தயங்காமல், “அவுகளுக்கும் சேத்துத்தான் சார் வைக்கிறோம்” என்று கூறித் தேநீரை ஆற்றிக் கொடுத்தார்.

நண்பகலுக்குச் சற்று முன் மார்க்கையன்கோட்டையைக் கடந்து சின்னமனூரை நோக்கித் திரும்பினோம். பாண்டியர் செப்பேடுகளால் தமிழ் மாணவர் யாவரும் பெயரறிந்த ஊர் அது. மதுரையிற் சங்கம் இருந்ததையும் பாரதம் தமிழ்ப்படுத்தப்பெற்றதையும் கூறுவது அச்செப்பேடு. அதனைப் பற்றி ஆசிரியர் விரிவுரையாற்றத் தொடங்கிய வேளையிற் கணக்கர் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

சாலையோரம் ஒரு வாய்க்கால். அதற்கு அப்பால் உழுது சேறடித்துக் கிடந்த வயல் ஒன்று, ஒரு ஏக்கர் அறுபது சென்ட். சுற்றிலும் எல்லா வயல்களிலும் நடவு முடிந்து பசுமை துளிர்த்திருந்தது. இஃது ஒன்று மட்டும் கண்ணாடி போல் நீர் நின்று வானத்தைக் காட்டிற்று. ஒரு மூலையில் நாற்றங்கால். அப்போழ்துதான் அவர் காரணத்தைச் சொன்னார். வயல் அவருடைய தந்தையாரது. தந்தையார் மறைந்து ஈராண்டு. புறவழிச் சாலைகள் வந்த பின்னர்ப் பள்ளத்தாக்கெங்கும் நிலத்தின் விலை ஏறிவிட, மனை பிரித்து விற்போர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். தமையனார் இசைந்துவிட்டார். திங்கட்கிழமை முன்பணம் வாங்குவதாகப் பேச்சு. கையொப்பத்திற்கு முன் ஒருமுறை வயலைப் பார்க்க வேண்டும். காரில் வந்து பார்த்துப் போக மனம் ஒப்பவில்லை என்றார்.

குத்தகைக்கு உழும் பெரியவர் வரப்பின் மேலிருந்தவர் எழுந்து வந்தார். எழுபதைக் கடந்தவர், மண்வெட்டியை ஊன்றி நின்றார். “எப்ப தம்பி வந்தீக? அண்ணன் வர்றதாச் சொல்லலையே” என்று நலம் விசாரித்துவிட்டு, எமக்கும் கும்பிடு போட்டார். பிறகு அவர் கேட்டது ஒன்றே. “நாத்துக்கு இருபத்தஞ்சு நாள் ஆகிப்போச்சு. பக்கத்து வயலெல்லாம் நட்டாச்சு. அண்ணன் பொறுங்கன்னாரு. எம்புட்டு நாள் பொறுக்கும் தம்பி, நாத்து?”

சூன் முதல் நாளிற் பெரியாற்று அணையினின்று முதல் போகத்திற்கு நீர் திறப்பது வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. இவ்வாண்டு உரிய நாளில் நீர் வந்தது. பெரியவர் உரிய நாளில் விதைத்துவிட்டார். நாற்றங்காலிற் பயிர் முதிர்ந்துவிட்டால், நட்ட பின் தூர் வெடிப்பது குறையும், விளைச்சலும் குறையும். மனையாகப் போகும் நிலத்தில் நடுவதற்கு ஆள் கூலி கொடுப்பானேன் என்பது தமையனார் நினைவு. அதனைப் பெரியவரிடம் யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவரும் அறியாதவர் போன்றே கேட்டார். நண்பர் நெடுநேரம் நாற்றங்காலையே பார்த்து நின்று, “நாளை திரும்புகையிற் சொல்கிறேன்” என்றார்.

அங்கிருந்து உத்தமபாளையம் வரை எவரும் பேசவில்லை. காற்று வலுத்திருந்தது; பேசியிருப்பினும் கேட்டிராது. உத்தமபாளையத்திற் பாறையிற் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களைக் காண வேண்டுமென்று எண்ணியிருந்தோம். அன்று அதற்கு மனம் செல்லவில்லை. வாசகர்கள் தவறாது காண்க.

உத்தமபாளையத்தினின்று நெடுஞ்சாலையை மீண்டும் விட்டு, கிழக்கே இராயப்பன்பட்டி வழியாக மேகமலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்வது இரண்டாவது அமைதி வழி. இராயப்பன்பட்டியின் மாதா கோயிற் கோபுரம் தொலைவிலிருந்தே தோன்றும். ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று தொடரும் இப்பகுதி திராட்சைக்குப் பெயர் பெற்றது. கற்றூண்களின் மேற் கம்பியிழுத்துப் படரவிட்ட பந்தல்களின் கீழ்க் கருங்குலைகள் தொங்கும் காட்சி அழகியது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இற் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இதனை இங்குக் கொணர்ந்தார் என்பர். பந்தலின் நிழலிற் காற்றும் தணிந்திருந்தது. தோட்டக்காரர் ஒருவர் எம் வியர்வையைக் கண்டு இரங்கி ஒரு குலையை நீட்டினார். விலை கேட்டதற்குச் சினந்துகொண்டார். சுருளி அருவி இங்கிருந்து அண்மையில் உள்ளது. நீர் மிகுதியாயிருக்கும் நாட்களில் வனத்துறையினர் குளிக்க விடார்.

அன்றிரவு கம்பத்தில் ஒரு விடுதியிற் றங்கினோம். இரவுணவின்போது வாதம் எழுந்தது. பொறியாளர் விற்றுவிடுவதே நேர்மை என்றார். “ஆண்டிற்கொரு முறையும் வயலில் இறங்காதவர், வயல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது பிறர் முதுகிற் சுமையேற்றும் ஆசை. பெரியவருக்குப் பின் யார் உழுவர்? அவர் மகன் திருப்பூரிற் பனியன் தைக்கிறான்” என்பது அவர் கட்சி. ஆசிரியர், இருபோக நிலம் ஒருமுறை மனையாகிவிட்டால் மீண்டும் வயலாகாது. ஆலையிற் செய்யும் பொருளன்று அது என்றார். கணக்கர் இருவருக்கும் மறுமொழி கூறவில்லை. தமையனாரோடு தொலைபேசியிற் பேச வெளியே சென்றார். தமையனார் கொடியவர் அல்லர் என்பதை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். தந்தையாரின் கடைசி நாட்களில் மருத்துவச் செலவிற்கு வாங்கிய கடன் முழுவதும் அவர் தலையில் இருந்தது. மகளின் படிப்பிற்கும் பணம் தேவைப்பட்டது. கோயம்புத்தூரில் இருந்த தம்பி அக்கடனில் எவ்வளவு பகிர்ந்துகொண்டார் என்பதை யாம் வினவவில்லை. நண்பர் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

விடியுமுன் எழுந்து கூடலூரைத் தாண்டி லோயர்கேம்ப் சேர்ந்தோம். விடியற்காலையிற் காற்று அடங்கியிருக்கும். ஆதலின் மேல்நோக்கிச் செல்ல ஏற்ற பொழுது அதுவே. மலைமுகட்டினின்று பெருங்குழாய்களில் இறங்கும் நீர் மின்நிலையத்தின் நான்கு இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு, நுரையுடன் வெளிப்போந்து வைரவனாற்றில் விழுகின்றது. மலைப்பாதையிற் சற்று மேலே இரைச்சல் பாலம் என்று ஓரிடமுண்டு, பெயரே போதும். பென்னிகுவிக்கிற்கு 2013இல் எடுத்த மணிமண்டபமும் இவ்வூரிலேயே உள்ளது. இங்கு நின்று நோக்குவோர், அணையின் நீர்மட்டம் பற்றி இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கின் பொருளை அறிவர். 1979இல் 136 அடியாகக் குறைத்த மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்சநீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்து, 2014இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. கீழேயுள்ளவர்க்கு அவ்வாறு அடியும் வயலிற் பாயும் நாட்கள். அணைக்கு அப்புறம் வாழ்வோர்க்கு உறக்கத்தைப் பற்றிய கேள்வி. இரண்டையும் எள்ளி நகையாடுதல் தகாது.

கணக்கர் கைப்பிடிச் சுவரிற் சாய்ந்து நீரையே நோக்கியிருந்தார். “அப்பா என்னை இங்கு அழைத்து வந்தது எனக்குப் பத்து வயதில். நம் வயலுக்குப் போகிற தண்ணீர் இதுதான், மரியாதையாகப் பார் என்றார்” என்று மட்டும் கூறினார்.

திரும்புகாற் காற்று எம் பக்கம். ஒன்பது மணிக்கு மேல் அஃது எழுந்து முதுகிற் கைவைத்துத் தள்ளத் தொடங்கிற்று. மேற்செல்லுங்கால் அரை நாள் எடுத்த வழியை மிதிக்காமலே கடப்பது போன்ற உணர்ச்சி. பழைய வண்டிகளும் புதிய வண்டியும் ஒரே விரைவில் ஓடின. கூடலூரினின்று குள்ளப்பகவுண்டன்பட்டி, கருநாக்கமுத்தன்பட்டி வழியாக வயல்களினூடே வந்தது மூன்றாவது அமைதி வழி. இது மூன்றினும் குறுகியது. வாய்க்காற் கரையை ஒட்டிய இடங்களில் இரவில் வருதல் ஆகாது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு செய்துகொண்டிருந்தனர். எம்மைக் கண்டு ஒருத்தி ஏதோ கூற, வயல் முழுதும் சிரிப்பு எழுந்தது. காற்று எம்மைக் கொண்டுபோய்விட்டமையால், என்ன கூறினாள் என்பது தெரியாமற் போயிற்று.

வயலை அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி. பெரியவர் அங்கேயே இருந்தார். நண்பர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, நாற்றங்காலில் இறங்கி ஒரு பிடி நாற்றைப் பறித்து வேரை அலசிப் பார்த்தார். பிறகு, “நடுங்க மாமா. நடவுக் கூலி என் கணக்கு. அண்ணன்கிட்டப் பேசிட்டேன்” என்றார். பெரியவர் அப்போது மகிழ்ச்சியும் காட்டவில்லை, நன்றியும் கூறவில்லை. “அப்ப நாளைக்கு எட்டு ஆளுக்குச் சொல்லணும். இப்பவே போனாத்தான் கிடைப்பாக” என்று மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரை நோக்கி நடந்தார். எம்மை இருக்கச் சொல்லவும் அவருக்கு நேரமில்லை.

அண்ணனிடம் பேசியது யாதென்பதைத் தேனிக்கு வரும் வழியிற் சொன்னார். கடனிற் பாதியைத் தாம் ஏற்பதாகவும், விற்பனைப் பேச்சை இரண்டாம் போக அறுவடை வரை நிறுத்திவைப்பதாகவும் உடன்பாடு. அதற்குமேல் தமையனார் ஒப்பவில்லை. “அவர் ஒப்பாததும் நியாயம்” என்றார்.

முதல் போகம் ஐப்பசியில் அறுவடையாயிற்று. நாற்று முதிர்ந்து நட்டதனால் அயல் வயல்களினும் சில மூடை குறைவு என்று கேள்வி. அவற்றுள் ஒரு மூடை அரிசியாகி, ஆசிரியர் இல்லத்திற்கும் பொறியாளர் இல்லத்திற்கும் பாதி பாதியாக வந்து சேர்ந்தது. இதனை எழுதும்போது இரண்டாம் போகத்திற்கு நாற்று விட்டாயிற்று. மனை விற்போர் மீண்டும் வந்து, சென்ற முறையினும் கூடுதலாக விலை பேசிப் போயிருக்கின்றார்.